கடைசிக் குழாய் வரை

நுழையும்முன்

மலையில் பெய்யும் மழை ஒரு வீட்டின் குழாயில் வந்து விழுவதற்கு முன் அணை, சுரங்கம், சுத்திகரிப்பு நிலையம், மேல்நிலைத் தொட்டி, தெருக்குழாய் எனப் பல நிலைகளைக் கடக்கிறது. இவற்றுள் எந்த நிலையில் குறை நேர்ந்தாலும் அதன் துன்பம் தெருவின் கடைக்கோடி வீட்டையே முதலில் சென்று சேர்கிறது. நீரைக் கொண்டுவருவது ஒரு கலை. கொண்டுவந்த நீரை எல்லார்க்கும் ஒப்பப் பகிர்வது அதனினும் அரிய கலை. இவ்விரண்டையும் கற்க முனைந்துவரும் நகரங்களுள் ஒன்று கோயம்புத்தூர். அதன் குடிநீர் வரலாற்றையும் இன்று அங்கு நடைபெறும் மாற்றத்தையும் இப்பாடம் விளக்குகிறது.

நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும்

கொங்கு நாட்டு வீடுகளில் தண்ணீருக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருவது உப்புத் தண்ணீர். மாநகராட்சிக் குழாயில் வருவது நல்ல தண்ணீர். துணி துவைக்கவும் பாத்திரம் கழுவவும் உப்புத் தண்ணீர் போதும். குடிக்கவும் சமைக்கவும் நல்ல தண்ணீரே வேண்டும். விருந்தினர் ஒருவர் அறியாமல் தவறான குழாயைத் திறந்து சொம்பை நிரப்பினால், வீட்டிலுள்ள சிறு குழந்தைகூட "அது உப்புத் தண்ணீர்" என்று சொல்லித் தடுத்துவிடும். பாறை நிலத்தின் அடியில் தேங்கிய நீரின் கடினத்தன்மையும், மலையிலிருந்து வரும் நீரின் அருமையும் இவ்விரு சொற்களுக்குள் அடங்கியுள்ளன.

அத்தகைய நல்ல தண்ணீர் நாள்தோறும் வருவதில்லை. சில நாள்களுக்கு ஒருமுறை, குறித்த சில மணி நேரம் மட்டுமே வரும் என்பது பல தெருக்களில் நெடுங்காலமாகப் பழகிப்போன நடைமுறை. தண்ணீர் வரும் நாளை ஒட்டியே வீட்டின் பிற வேலைகள் வகுக்கப்படும். விடியற்காலையில் வால்வு திறக்கப்படும் தெருவில் வீட்டுப் பெண்கள் நான்கு மணிக்கே விழித்துக் காத்திருப்பர். அன்று வெளியூர் செல்ல வேண்டியிருந்தால், அண்டை வீட்டாரிடம் குடங்களை ஒப்படைத்துவிட்டுத்தான் செல்ல முடியும். நிலத்தடித் தொட்டியும் மோட்டாரும் உள்ள வீட்டிற்கு இது ஒரு சிறு தொல்லை. ஒரே அறையில் ஐந்து பேர் வாழும் வீட்டிற்கோ, இது ஒருநாள் கூலியையும் ஒருநாள் பள்ளிப் படிப்பையும் பறித்துவிடக்கூடிய இடர்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், இனிய நீருக்குப் பெயர்பெற்ற நகரில் இந்நிலை ஏன் ஏற்பட்டது? விடை தேட நகரின் நீர்வரலாற்றை அறிதல் வேண்டும்.

நொய்யல் கரையில் ஒரு நகர்

கோயம்புத்தூர் மழை மறைவுப் பகுதியில் அமைந்தது. தென்மேற்குப் பருவக்காற்று தன் நீரின் பெரும்பகுதியை மலையின் மேற்குச் சரிவிலேயே பொழிந்துவிட்டு, பாலக்காட்டுக் கணவாய் வழியே குளிர்ந்த காற்றையும் சிறு தூறலையும் மட்டும் இப்பக்கம் அனுப்புகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 600 முதல் 700 மில்லிமீட்டர் மழையே இந்நகருக்குக் கிடைக்கிறது.

குறைந்த மழையைக் கொண்டு வாழும் வழியை முன்னோர் அறிந்திருந்தனர். வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றி, பேரூரைத் தொட்டு, கிழக்கே ஓடிக் காவிரியில் கலக்கும் நொய்யலுக்குக் காஞ்சிமாநதி என்னும் பெயரும் உண்டு. இவ்வாற்றின் குறுக்கே சித்திரைச்சாவடி முதலிய அணைக்கட்டுகளை அமைத்து, வாய்க்கால்கள் வழியே வெள்ளநீரைக் குளங்களுக்குத் திருப்பினர். உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக்குளம், சிங்காநல்லூர்க் குளம் ஆகியன அத்தொடரின் கண்ணிகள். மேற்குளம் நிரம்பினால் மிகுநீர் அடுத்த குளத்திற்குச் செல்லும். குளம் வயலுக்கு நீர் தந்தது. தன்னைச் சுற்றியிருந்த கிணறுகளின் ஊற்றையும் காத்தது. ஊரார் கிணற்று நீரையே குடித்தனர்.

1866இல் கோயம்புத்தூர் நகராட்சியானது. 1888இல் தொடங்கிய நூற்பாலைத் தொழில் நகரின் உருவையே மாற்றியது. வேலை தேடி வந்தோரால் தெருக்கள் நெருங்கின, கழிவு பெருகியது, கிணறுகள் மாசுற்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் நோய் நகரை மீண்டும் மீண்டும் வாட்டியது. பிளேக் எலித் தெள்ளுப்பூச்சி வழியே பரவுவது. வாந்திபேதியோ நீர்வழிப் பரவுவது. இரண்டிற்கும் இடம் கொடுத்தது நெருக்கடியும் தூய்மைக் குறைவுமே. 1854இல் இலண்டனின் பிராடு தெருவில் காலராவால் இறந்தோரின் வீடுகளை வரைபடத்தில் குறித்த ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர், அவை ஒரே ஒரு தெருக்குழாயைச் சுற்றி அமைந்திருப்பதைக் காட்டினார். தூய குடிநீர் தருவது நகராட்சியின் கடமை என்னும் எண்ணம் உலக நகரங்களில் வலுப்பெற்ற காலம் அது. அவ்வெண்ணம் கோவையிலும் வேர்விட்டது.

மலை தந்த நீர்

நகருக்கு மேற்கே, இன்றைய கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் முத்திக்குளம் மலை உள்ளது. அங்குள்ள அடர்ந்த காட்டில் ஓடுவது சிறுவாணி ஆறு. இவ்வாற்று நீரை நகருக்குக் கொண்டுவர வேண்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே வலியுறுத்தியவர்களுள் முதன்மையானவர் இதழாளரும் சமூகச் சீர்திருத்தவாதியுமான சே.ப. நரசிம்மலு நாயுடு. அவர் 1922இல் மறைந்தார். அவருடைய கனவு அப்போதும் முழுதாக நிறைவேறியிருக்கவில்லை. நகராட்சித் தலைவராக விளங்கிய சி.எஸ். இரத்தினசபாபதி முதலியார் அதனைச் செயலாக்க முனைந்து நின்றார். இன்று ஆர்.எஸ்.புரம் என வழங்கும் பகுதி அவர் பெயர் தாங்கியதே.

சிறுவாணி இயற்கையாகச் சாயும் திசை வேறு. நகரம் இருக்கும் திசை வேறு. இடையே மலை குறுக்கிட்டது. அம்மலையைக் குடைந்து சுரங்கம் அமைத்து, நீரைக் கிழக்குச் சரிவிற்குத் திருப்பினர். சுரங்கத்தைக் கடந்த பின் நீருக்கு எந்த இயந்திரமும் தேவைப்படவில்லை. உயரத்திலிருந்து தாழ்வுக்குச் செல்லும் தன் இயல்பாலேயே அது நகரை வந்தடைந்தது. மின்மோட்டார் இன்றிப் புவியீர்ப்பு விசையால் மட்டும் இயங்கும் குடிநீர்த் திட்டம் சிக்கனமானது, எளிதில் பழுதுபடாதது. காட்டின் வேர்களுக்கிடையே வடிந்து வரும் அந்நீரில் கரைந்த உப்புகள் மிகக் குறைவு. உலகின் சுவைமிக்க நீர்களுள் ஒன்று சிறுவாணி எனக் கோவை மக்கள் பெருமையுடன் சொல்வதற்கு இதுவே அடிப்படை.

நகரம் மேலும் வளர்ந்தபோது சிறிய தடுப்பணை போதவில்லை. மொழிவழி மாநிலங்கள் அமைந்தபின் ஆறு இருந்த இடம் கேரளமாகவும், நீர் வேண்டிய இடம் தமிழ்நாடாகவும் ஆகியிருந்தன. 1973இல் இரு மாநிலங்களும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்படி, தமிழ்நாட்டின் செலவில் கேரள மண்ணில் அணை கட்டப்பட்டது, ஆண்டுக்கு 1.3 டி.எம்.சி. நீர் கோவைக்கு ஒதுக்கப்பட்டது. 1980களில் புதிய அணை பயன்பாட்டிற்கு வந்தது. ஒரு மாநிலத்தின் காடு, மற்றொரு மாநிலத்தின் நகருக்குத் தாகம் தீர்க்கும் ஏற்பாடு இது.

தெரியுமா?

ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. இது ஏறத்தாழ 2,832 கோடி லிட்டருக்குச் சமம். 1.3 டி.எம்.சி. நீரை 365 நாள்களுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 கோடி லிட்டர் கிடைக்கும்.

பவானியை நோக்கி

1981இல் கோயம்புத்தூர் மாநகராட்சியாக உயர்ந்தது. சிறுவாணி மட்டும் போதாது என்பது விரைவில் தெளிவாயிற்று. அடுத்த நீர்வழியாகப் பில்லூர் அணை தேர்ந்தெடுக்கப்பட்டது. குந்தா நீர்மின் திட்டத்தின் ஒரு பகுதியாக 1960களில் பவானி ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டது இவ்வணை. மின்னாக்கத்திற்காகத் தேக்கப்பட்ட நீர் 1990களில் முதலாம் பில்லூர்த் திட்டத்தின் வழியே கோவையின் குடிநீராயிற்று. பின்னர் இரண்டாம் திட்டம் வந்தது. மேட்டுப்பாளையம் பகுதியில் பவானி நீரை எடுக்கும் மூன்றாம் திட்டம், ஏறத்தாழ 780 கோடி ரூபாய்ச் செலவில் நிறைவுற்று 2024 பிப்ரவரியில் தொடங்கி வைக்கப்பட்டது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 17.8 கோடி லிட்டர் நீர் வழங்கும் வகையில் அது வடிவமைக்கப்பட்டுள்ளது. நகரின் தென்பகுதியில் சில இடங்களுக்கு ஆழியாற்று நீரும் வருகிறது.

இத்திட்டங்களுக்கிடையே ஓர் ஒற்றுமை உண்டு. சிறுவாணி, அட்டப்பாடிப் பள்ளத்தாக்கில் பவானியோடு சேரும் துணையாறு. பவானியோ நீலகிரிப் பகுதியில் தோன்றி, கேரளத்திற்குள் சென்று, மீண்டும் கிழக்கே திரும்பித் தமிழ்நாட்டிற்குள் நுழைவது. ஆகவே, சிறுவாணி நீரானாலும் பில்லூர் நீரானாலும் கோவை மக்கள் பருகுவது பெரும்பாலும் ஒரே ஆற்றுக் குடும்பத்தின் நீரையே. நொய்யல் கரையில் வாழும் நகரம், பவானியின் நீரைக் குடித்து வளர்கிறது.

மழை பொய்த்தால் இவ்வேற்பாடு எவ்வளவு நொய்மையானது என்பதை 2016ஆம் ஆண்டு உணர்த்தியது. அவ்வாண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட ஏறத்தாழ 62 விழுக்காடு குறைந்தது. அதற்கு முந்தைய தென்மேற்குப் பருவமழையும் மேற்கு மலைகளில் குன்றியிருந்தது. அடுத்த கோடையில் சிறுவாணியின் நீர்மட்டம் வெகுவாகத் தாழ்ந்தது. குழாயில் நீர் வரும் நாள்களுக்கிடையே இருந்த இடைவெளி மேலும் நீண்டது. லாரித் தண்ணீருக்காக மக்கள் குடங்களுடன் காத்து நின்றனர்.

நீர் தூய்மையாகும் வழி

ஆற்றிலிருந்து எடுக்கப்படும் நீரை அப்படியே குடிக்க இயலாது. மழைக்காலத்தில் மலைச்சரிவுகளின் மண்ணைக் கரைத்துக்கொண்டு செந்நிறமாக வரும் நீரைத் தெளியச் செய்வதே சுத்திகரிப்பு நிலையத்தின் முதற்பணி. நீர் முதலில் படிப்படியாக விழச் செய்யப்பட்டுக் காற்றோடு கலக்கிறது. பின்னர் அதில் படிகாரம் சேர்க்கப்படுகிறது. எடை குறைந்து மிதக்கும் நுண்ணிய மண் துகள்கள் படிகாரத்தால் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்களாகின்றன. அத்திரள்கள் படிவுத் தொட்டியில் மெல்ல அடியில் தங்குகின்றன. மேலே தெளிந்த நீர் மணல் வடிகட்டிகள் வழியே இறங்குகிறது. இறுதியாகக் குளோரின் கலக்கப்படுகிறது.

குளோரின் இரண்டு வேலைகளைச் செய்கிறது. சுத்திகரிப்பு நிலையத்திலேயே கிருமிகளைக் கொல்வது முதல் வேலை. கொன்றபின் சிறிதளவு எஞ்சி நீரோடு பயணம் செய்து, வழியில் நுழையும் கிருமிகளிடமிருந்து காப்பது இரண்டாம் வேலை. வீட்டுக்குழாயில் விழும் நீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருத்தல் வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. குடிநீரில் சில நேரம் உணரப்படும் மெல்லிய வாடை அக்காவலின் அடையாளம்.

வெற்றுக்குழாயின் ஆபத்து

சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து தூய்மையாகப் புறப்பட்ட நீர் வீட்டிற்கும் அவ்வாறே வந்து சேரும் என்பதற்கு உறுதி இல்லை. நிலத்தடியில் உள்ள குழாய்களில் பல, பல பத்தாண்டுகளுக்கு முன் பதிக்கப்பட்டவை. வார்ப்பிரும்புக் குழாய்கள் துருவேறின, இணைப்புகள் தளர்ந்தன, கனரக ஊர்திகளின் அதிர்வால் விரிசல் விழுந்தன. குழாய்க்கு அருகிலேயே கழிவுநீர்க் கால்வாயும் ஓடும்.

மிதிவண்டிச் சக்கரத்தின் டியூபில் ஒரு நுண்துளை விழுந்துவிட்டதாகக் கொள்வோம். உள்ளே காற்று நிறைந்திருக்கும் வரை காற்று வெளியேறுமே தவிர, வெளியிலுள்ள தூசி உள்ளே நுழையாது. காற்று இறங்கியபின்தான் மண்ணும் நீரும் உள்ளே புகும். குடிநீர்க் குழாயின் நிலையும் இதுவே. நீர் அழுத்தத்துடன் நிறைந்திருக்கும்போது துளை வழியே நீர் வெளியே கசியும், அது இழப்பு. வால்வு மூடப்பட்டுக் குழாய் வெறுமையாகும்போது, சுற்றியுள்ள கழிவுநீர் அதே துளை வழியே உள்ளே உறிஞ்சப்படும், அது நோய். மீண்டும் நீர் திறக்கும்போது முதலில் கலங்கலாக வருவதற்கு இதுவே காரணமாகலாம். வீட்டு இணைப்பில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவோர் இந்த ஆபத்தை மேலும் பெருக்குகின்றனர். அவர்கள் கடைக்கோடி வீட்டாரின் பங்கை எடுப்பதோடு, கழிவையும் குழாய்க்குள் இழுத்துவிடுகின்றனர்.

இடைவிட்ட வழங்கலில் வேறு குறைகளும் உண்டு. எப்போது வரும் என்று தெரியாத நீரை மக்கள் தேவைக்கு மிகுதியாகச் சேமிக்கின்றனர். புதிய நீர் வந்ததும் பழைய நீரைக் கொட்டிவிடுகின்றனர். மூடாத தொட்டிகளில் டெங்கு பரப்பும் கொசு முட்டையிடுகிறது. மேட்டுத் தெருவிற்கும் குழாயின் கடைசி வீட்டிற்கும் அழுத்தம் சென்று சேர்வதற்குள் வால்வு மூடும் நேரம் வந்துவிடுகிறது.

தெரிந்து தெளிவோம்

பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் வழங்குதல் வேண்டும் என்பது நடுவண் அரசின் அளவுகோல். நால்வர் வாழும் வீட்டிற்கு இது 540 லிட்டர். 15 லிட்டர்க் குடத்தில் அளந்தால் 36 குடங்கள்.

2011ஆம் ஆண்டில் கோவை மாநகராட்சியுடன் குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் ஆகிய நகராட்சிகளும், வடவள்ளி, துடியலூர், சரவணம்பட்டி முதலிய பேரூராட்சிகளும் இணைந்தன. ஏறத்தாழ 105 சதுர கிலோமீட்டராக இருந்த பரப்பு 257 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 72 வார்டுகள் 100 ஆயின. விரிந்த நகரின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 16 இலட்சம். அவர்களுக்கு 135 லிட்டர் வீதம் வழங்க நாளொன்றுக்கு 21.6 கோடி லிட்டர் வேண்டும். மக்கள்தொகை அதன்பின் மேலும் வளர்ந்துள்ளது. திட்டங்களின் நீரில் வழியோரக் கிராமங்களுக்கும் பங்குண்டு. ஆயினும், சிறுவாணியும் மூன்று பில்லூர்த் திட்டங்களும் முழு அளவில் இயங்கும் காலத்தில், நீர் குறைவு என்பது மட்டுமே முழு விடையாகாது. வந்த நீர் எங்கே கசிகிறது, எந்தத் தெருவில் தேங்குகிறது, யாருக்குச் சேரவில்லை என்னும் வினாக்களுக்கும் விடை காண வேண்டியுள்ளது.

இருபத்து நான்கு மணி நேரமும்

இதற்கு வல்லுநர்கள் காட்டும் வழி, குழாயில் எந்நேரமும் அழுத்தத்துடன் நீர் இருக்கச் செய்வது. கோவையின் பழைய மாநகராட்சி எல்லைக்கு உட்பட்ட 60 வார்டுகளில் இத்தகைய தொடர் வழங்கலை ஏற்படுத்தும் பணி, 2018இல் சூயஸ் என்னும் பிரெஞ்சு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. குழாய்களைப் புதுப்பித்தலும் அதன்பின் நெடுங்காலப் பராமரிப்பும் அடங்கிய 26 ஆண்டு ஒப்பந்தம் அது.

இப்பணியின் அடிப்படை எளியது: பெரிய வலையைச் சிறு வலைகளாகப் பிரித்தல். முன்பு நகரின் குழாய்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. எந்தத் தொட்டியின் நீர் எந்தத் தெருவிற்குச் செல்கிறது என்பதை வால்வு திறக்கும் பணியாளரின் நினைவாற்றலே அறிந்திருந்தது. புதிய முறையில் ஒவ்வொரு மேல்நிலைத் தொட்டிக்கும் எல்லை வகுக்கப்படுகிறது. அவ்வெல்லை மேலும் சிறு அளவீட்டு மண்டலங்களாகப் பிரிக்கப்படுகிறது. மண்டலத்தின் நுழைவாயிலில் ஒரு மீட்டர். உள்ளே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மீட்டர். நுழைந்த நீரின் அளவிலிருந்து வீடுகள் பெற்ற அளவைக் கழித்தால், வழியில் காணாமற்போன நீர் எவ்வளவு என்பது தெரிந்துவிடும். ஊர் உறங்கும் பின்னிரவில் வீடுகளின் பயன்பாடு மிகக் குறைவு. அப்போதும் நுழைவாயில் மீட்டர் விரைந்து சுழன்றால் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். கசிவின் ஒலியைக் கேட்டறியும் கருவிகளைக் கொண்டு அவ்விடத்தைக் கண்டு தோண்டிச் சரிசெய்யலாம்.

அழுத்தத்திற்கும் அளவு உண்டு. பத்து மீட்டர் உயரத்தில் உள்ள நீர், சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடையின் அழுத்தத்தைத் தருகிறது. ஒரு தளம் உள்ள வீட்டிற்கு 7 மீட்டர், இரு தளங்களுக்கு 12 மீட்டர், மூன்று தளங்களுக்கு 17 மீட்டர் நீருயர அழுத்தம் வேண்டும் என்பது முன்னர் வகுக்கப்பட்டிருந்த நெறி. அழுத்தம் குறைந்தால் நீர் ஏறாது. அளவு கடந்தால் குழாய் வெடிக்கும், கசிவும் பெருகும்.

எப்போதும் நீர் வந்தால் மக்கள் வீணாக்கிவிடமாட்டார்களா என்னும் ஐயம் இயல்பானது. வேண்டும்போது கிடைக்கும் பொருளை யாரும் பதுக்குவதில்லை என்பதே அதற்கு விடை. கசிவை அடைத்தலும் அளந்து வழங்கலும் உடன் நிகழ்ந்தால் மொத்தத் தேவை கட்டுக்குள் நிற்கும். கம்போடியத் தலைநகர் புனோம் பென் இதற்குச் சான்று. நெடிய போரால் சிதைந்திருந்த அந்நகரில், 1993இல் வழங்கிய நீரில் ஏறத்தாழ 72 விழுக்காடு கசிவிலும் திருட்டிலும் இழக்கப்பட்டது. பழைய குழாய்களை மாற்றி, எல்லா இணைப்புகளுக்கும் மீட்டர் பொருத்தி, உயர்நிலையில் இருப்போரும் கட்டணம் செலுத்தும் ஒழுங்கை நிலைநாட்டிய பின் அவ்விழப்பு ஏறத்தாழ 6 விழுக்காடாகக் குறைந்தது. நகரம் முழுவதும் நாள் முழுதும் நீர் பெற்றது. ஒடிசாவின் பூரி நகரமும் 2021இல், குழாய் நீரை அப்படியே பருகும் வகையில் தொடர் வழங்கலைத் தொடங்கியது. கருநாடகத்தின் ஹூப்ளி-தார்வாடு நகரங்களில் நடந்த ஆய்வுகள், இடைவிட்டு வரும் நீரைவிடத் தொடர்ந்து வரும் நீரில் நோய்க்கிருமிகளின் அறிகுறி மிகக் குறைவு என்று காட்டின.

எழுந்த வினாக்கள்

கோவையில் இத்திட்டம் அறிவிக்கப்பட்டபோது எதிர்ப்பும் எழுந்தது. குடிநீர் வழங்கலைத் தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கலாமா? கட்டணம் உயருமா? பொதுக்குழாய்களை நம்பி வாழும் ஏழைகளின் நிலை என்ன? இவ்வினாக்களை முன்வைத்துப் போராட்டங்களும் நடைபெற்றன. நீரின் உரிமையும் கட்டணத்தை முடிவு செய்யும் அதிகாரமும் மாநகராட்சியிடமே இருக்கும் என்று மாநகராட்சி விளக்கமளித்தது. தோண்டிய சாலைகள் உடனே சீரமைக்கப்படாமையால் பொதுமக்கள் நாள்தோறும் அல்லலுற்றதும் உண்டு.

இவ்வினாக்கள் தேவையற்றவை அல்ல. பணியைச் செய்வது அரசுத் துறையாயினும் தனியாராயினும் மக்கள் கேட்க வேண்டியவை சில உண்டு. நாள்தோறும் எவ்வளவு நீர் வந்தது, எவ்வளவு இழக்கப்பட்டது, நீரின் தரம் என்ன என்பவை மக்களுக்குத் தெரிகின்றனவா? கட்டணம் செலுத்த இயலாத வீட்டிற்கு வாழ்வுக்குத் தேவையான அளவேனும் உறுதி செய்யப்பட்டுள்ளதா? முறையீடு செய்தால் எத்தனை நாளில் தீர்வு கிடைக்கும்? குடிநீர்த் திட்டத்தின் வெற்றியைத் தொடக்க விழாவின் பெருமையைக் கொண்டு அளக்க இயலாது. மேட்டுத் தெருவின் கடைசிக் குழாயில் வரும் நீரின் அழுத்தமே அதன் உண்மையான அளவுகோல்.

ஆற்றின் கீழ்க்கரை

நகருக்கு அப்பாலும் நோக்க வேண்டும். கோவைக்கு நீர் தந்த பின் பவானி கிழக்கே சென்று பவானிசாகர் அணையை அடைகிறது. அங்கிருந்து கீழ்பவானி வாய்க்கால் வழியே ஏறத்தாழ 2,07,000 ஏக்கர் நிலம் பாசனம் பெறுகிறது. கோபிசெட்டிபாளையம் வட்டாரத்தின் நெல்லும் மஞ்சளும் கரும்பும் இவ்வாற்றை நம்பியவை. நகரம் வீணாக்கும் நீர், ஓர் உழவரின் கடைமடை வயலுக்குச் சென்றிருக்கக்கூடிய நீர். தெருவின் கடைசி வீட்டையும் வாய்க்காலின் கடைமடையையும் வாட்டும் துன்பம் ஒன்றே.

வீட்டிற்கு வரும் நீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு கழிவுநீராக வெளியேறும் என்பது பொறியாளர்களின் கணக்கு. குடிநீர் பெருகப் பெருகக் கழிவுநீரும் பெருகும். அது சுத்திகரிக்கப்படாமல் விடப்பட்டால் நொய்யலையும் அதன் குளங்களையுமே சென்றடையும். கோவை குடிப்பது பவானியின் நீரை, கழிப்பது நொய்யலில். ஓர் ஆற்றிடம் பெற்ற கடனை மற்றோர் ஆற்றைக் கெடுத்து அடைப்பது முறையாகாது. எனவே, குடிநீர்க் குழாயைப் புதுப்பிக்கும் நகரம் பாதாளச் சாக்கடையையும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பையும் உடன் நிறைவேற்ற வேண்டும். குளங்களைத் தூர்வாரிக் காப்பதும் மழைநீரை நிலத்தில் சேர்ப்பதும் தொலைவிலுள்ள அணையின் சுமையைக் குறைக்கும்.

எல்லாவற்றிற்கும் மூலம் காடு. முத்திக்குளத்தின் சோலைக்காடு பெய்த மழையைப் பஞ்சுபோல் உள்வாங்கி, மழையற்ற மாதங்களிலும் சிறுகச் சிறுக வழியவிடுகிறது. காடு அழிந்தால் மழைக்காலத்தில் வெள்ளமும் கோடையில் வறட்சியும் எஞ்சும். அணையிலும் வண்டல் நிறையும். திருக்குறளில் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பு வைக்கப்பட்ட காரணத்தைச் சிறுவாணி மலையைக் கண்டோர் எளிதில் உணர்வர்.

கோவையின் நீர்வரலாற்றில் ஒவ்வொரு தலைமுறையும் ஒரு படி முன்னேறியுள்ளது. ஒரு தலைமுறை குளம் வெட்டியது. ஒரு தலைமுறை மலையைக் குடைந்தது. ஒரு தலைமுறை அண்டை மாநிலத்தோடு உடன்பாடு கண்டது. நீரைக் கொண்டுவரும் பணி பெருமளவு நிறைவுற்ற நிலையில், அதனை ஒப்பப் பகிரும் பணி இத்தலைமுறையின் கையில் உள்ளது. மண்ணுக்கடியில் நடக்கும் பணியாதலின் அது கண்ணுக்குத் தெரியாது. கடைக்கோடி வீட்டுச் சிறுமி ஒருத்தி, தண்ணீர் வரும் நேரத்திற்காகக் காத்திராமல் பள்ளிக்குப் புறப்படும் காலையில் அதன் பயன் தெரியும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிற்கு வரும் குடிநீர் எந்த ஆற்றில் அல்லது ஏரியில் தோன்றி, எவ்வழியே வருகிறது என்பதைப் பெரியோரிடமும் உள்ளாட்சி அலுவலகத்திலும் கேட்டறிந்து, வரைபடமாக வரைக.

2. ஒரு வாரக் காலம் உங்கள் வீட்டில் நாள்தோறும் பயன்படும் நீரைக் குடக்கணக்கில் அளந்து அட்டவணைப்படுத்துக. ஒருவருக்கு 135 லிட்டர் என்னும் அளவோடு ஒப்பிட்டு, எங்கே குறைக்க இயலும் என வகுப்பில் கலந்துரையாடுக.

3. உங்கள் தெருவின் முதல் வீட்டிலும் கடைசி வீட்டிலும் ஒரு குடம் நிரம்ப ஆகும் நேரத்தைக் கணக்கிட்டு, வேறுபாட்டிற்கான காரணத்தை எழுதுக.

4. 'குடிநீர் வழங்கல்: அரசே நடத்த வேண்டுமா, தனியாரிடம் ஒப்படைக்கலாமா?' என்னும் பொருளில் இரு அணிகளாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.

5. உங்கள் பகுதியில் கசியும் குடிநீர்க் குழாயைச் சீரமைக்க வேண்டி, இடம், நாள், இழப்பின் தன்மை ஆகியவற்றைத் தெளிவாகக் குறிப்பிட்டு உள்ளாட்சி அலுவலருக்கு விண்ணப்பம் எழுதுக.